என் மகளையும் கொஞ்சம் திட்டுங்கள்

இளையோர் ஐஸ் ஹாக்கி கிளப்பின் நிர்வாகக் குழுவினருக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் பயிற்சி முடிந்து வண்டியில் திரும்பும்போது என் மகள் ஒரு புகார் சொன்னாள். வயது ஒன்பது, கோல்கீப்பராக இது இரண்டாவது சீசன். "அம்மா, கோச் எல்லாரையும் திட்டுறாரு. என்னை மட்டும் திட்டவே மாட்டேங்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திட்டு வாங்காததற்கு வருத்தப்படும் பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்போ நான் சரியா செய்றேனா, இல்ல அவரு பார்க்கவே இல்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த பயிற்சிக்கு ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் கேலரியில் உட்கார்ந்தேன். வேவு பார்க்க அல்ல, அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான். ஒரு மணி நேரத்தில் அவளை நோக்கி வந்த ஷாட்களுக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நூறைத் தாண்டியது. பயிற்சியாளர் அவளிடம் பேசியது இரண்டே முறை. ஒன்று, "ரெடியா?" மற்றொன்று, "அந்த வலையைக் கொஞ்சம் நகர்த்தும்மா." அதே ஒரு மணி நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு ஸ்டிக் பிடிப்பதிலிருந்து முட்டியை மடக்குவது வரை எத்தனை திருத்தங்கள்! ஒரு பையனின் கையைப் பிடித்தே காட்டிக்கொடுத்தார் பயிற்சியாளர். நல்ல மனிதர், பொறுமைசாலி. குறை அவர்மேல் இல்லை. பயிற்சித் திட்டத்தில் கோல்கீப்பர் மாணவராக இடம்பெறவே இல்லை. மற்றவர்கள் படிப்பதற்கான கரும்பலகையாக நிற்கிறாள். கரும்பலகையை யார் திட்டுவார்கள்?

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

அந்தத் தாளில் இன்னொரு கணக்கும் இருந்தது. மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து பிள்ளைகள். விசில் அடித்ததும் இடது, நடு, வலது என்று மாறி மாறி வந்து அடிக்கிறார்கள். ஒருவர் அடித்த பக் (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) சுவரில் மோதும் முன்பே அடுத்தவர் அடித்துவிடுகிறார். முதல் ஷாட்டுக்கு என் மகள் சரியாக நின்றாள். முட்டி மடங்கி, ஸ்டிக் பனியில் பதிந்து, கிளவ் முன்னால் நீட்டி இருந்தது. அதைத் தடுக்க முட்டி போட்டாள். எழுந்திருக்கும் முன் இரண்டாவது வந்தது. அதைப் படுத்துத் தடுத்தாள். மூன்றாவது தலைக்கு மேலே போனதை அவள் பார்க்கவே இல்லை. நான்காவதிலிருந்து கையைக் காலை வீசிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். பதினைந்து ஷாட்டில் அவள் நின்று, பார்த்து, தயாராக வாங்கியது ஒன்றே ஒன்று. மீதிப் பதினாலும் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம்: எழுந்திருக்காதே, பார்க்காதே, குருட்டாம்போக்கில் கையை வீசு.

கல்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ், டெரெக் பான்ச்சக் என்ற இரு ஆய்வாளர்கள் ஷாட்டைத் தடுக்கும்போது கோல்கீப்பரின் கண் எங்கே நிலைக்கிறது என்று கருவி மாட்டிப் பார்த்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பக் கிளம்பிய பிறகு கண் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைவிட, கிளம்பும் முன்பே அது பக்கிலும் ஸ்டிக்கிலும் அசையாமல் நிலைகுத்தி நிற்பதுதான் தடுப்பதற்கு அடிப்படை என்று அதில் தெரிந்தது. அதாவது கோல்கீப்பர் முதலில் பழக வேண்டியது பார்வையை நிறுத்துவது. இரண்டு விநாடிக்கு ஒரு ஷாட் வந்தால் பார்வை எங்கே நிற்கும்?

இதைச் சரிசெய்யக் காசு வேண்டாம், பனித்தளத்தில் கூடுதல் நேரமும் வேண்டாம். கோல்கீப்பர் எழுந்து கால் ஊன்றி நின்ற பிறகுதான் அடுத்த பிள்ளை கிளம்ப வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். இரண்டாவது ஷாட் உடனே வர வேண்டுமென்றால் அது ரீபவுண்டாக இருக்கட்டும். தடுத்துத் தெறித்த பக்கை அதே பிள்ளை ஓடிவந்து மறுபடி அடிக்கட்டும். ஆட்டத்தில் அப்படித்தானே நடக்கிறது? மூன்று பக் ஒரே சமயத்தில் எந்த ஆட்டத்தில் வந்தது? அடிக்கிறவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. தடுமாறிக் கிடக்கும் கோல்கீப்பரைத் தாண்டி வலைக்குள் போடுவது யாருக்கும் பயிற்சி ஆகாது.

வார்ம்-அப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் ஐந்து நிமிடம் கோல்கீப்பருக்கு உடம்பும் கண்ணும் சூடேறுவதற்கான நேரம். தூரத்திலிருந்து, தாழ்வாக, கால் பேடுக்கும் கிளவுக்கும் வருகிற மாதிரி அடிக்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் அந்த ஐந்து நிமிடத்தில்தான் மேல்மூலையில் போட ஆசைப்பட்டு மாஸ்க்கில் அடிக்கிறார்கள். பக் என்பது 156 முதல் 170 கிராம் வரை எடையுள்ள கெட்டி ரப்பர். தலைக்கு நேராக இரண்டு வாங்கிய பிள்ளை மூன்றாவதுக்குத் தானாகக் கண்ணை மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை உடைக்க மாதக்கணக்கில் ஆகும், எங்கள் வீட்டு அனுபவம் இது. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு 113 கிராம் எடையில் நீல நிற பக் கிடைக்கிறது. அதை வாங்கிப் போட்டால் அடிக்கிறவர்களும் பக்கைச் சரியாகத் தூக்கப் பழகுவார்கள், வாங்குகிறவளும் பயப்படமாட்டாள்.

இனி சாமான் விஷயம். இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் சீசனில் அவள் ஆடிய கிளப்பின் பொதுப் பையிலிருந்து அவளுக்கு ஒரு ஜோடி பேட் வந்தது. வேறு கிளப், பெயர் வேண்டாம். பையைத் திறந்ததும் வியர்வை நாற்றம் முகத்தில் அடித்தது. பரவாயில்லை, துவைத்துக்கொள்ளலாம். பேடைக் காலில் வைத்துப் பார்த்தால் மேல்முனை தொடையில் பாதி வரை வந்து நின்றது. "பெருசா இருக்கே" என்றேன். "வளர்ற பிள்ளைதானே, அடுத்த வருஷம் சரியாயிடும்" என்றார் சாமான் பொறுப்பாளர். நானும் தலையாட்டிவிட்டேன். சட்டை வாங்கும்போது இரண்டு விரல் லூஸாக எடுக்கிற வழக்கம் நமக்கு இருக்கிறதே, அந்தப் புத்திதான்.

பேட் சட்டை அல்ல என்பது பனியில் அவள் முட்டி போட்டபோதுதான் உறைத்தது. பேடின் உள்பக்கத்தில் முழங்காலுக்கென்று ஒரு மெத்தை இருக்கிறது. முட்டி போடும்போது முழங்கால் அதன்மேல்தான் இறங்க வேண்டும். இறங்கினால் பேட் தானாகச் சுழன்று முகப்பை ஷாட்டுக்குக் காட்டும், இரண்டு கால்களுக்கும் நடுவில் சந்து அடையும். என் மகளின் முழங்கால் அந்த மெத்தைக்குக் கீழே வெறும் இடத்தில் போய் இடித்தது. பேட் சுழலாமல் சாய்ந்து நின்றது. நடுவில் ஒரு கை நுழைகிற ஓட்டை. அதன் வழியாக அந்த வருடம் முழுக்க கோல் வாங்கினாள். "முட்டியைச் சேர்த்து வை, சேர்த்து வை" என்று எல்லாரும் கத்தினோம், நானும்தான். அவள் சேர்த்துத்தான் வைத்திருந்தாள்.

அளவெடுப்பது ஒன்றும் வித்தை இல்லை. ஸ்கேட்டை மாட்டி நாற்காலியில் உட்காரவைத்து, முட்டியைச் செங்கோணமாக மடக்கி, கணுக்கால் மடிப்பின் நடுவிலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை டேப் வைத்தால் போதும். அந்த அளவுக்குத்தான் பேட். தொடைப்பக்கம் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் பிறகு.

கிளவுக்கு இன்னும் எளிதான சோதனை. அதை மாட்டிக்கொண்டு ஒரு டென்னிஸ் பந்தைப் பிடித்து மூடச் சொல்லுங்கள். பொதுப் பையில் கிடக்கும் கிளவ்களில் பாதி, பெரியவர்கள் கை வைத்தாலே மூட முயற்சி வேண்டும். ஒன்பது வயது விரல் அதன் முனைக்குக்கூட எட்டாது. மூட முடியாத கிளவை மாட்டிவிட்டு "பக்கைப் பிடிக்க மாட்டேங்கிறா, தட்டியே விடுறா" என்று குறை சொல்கிறோம். ஸ்டிக்கும் அப்படித்தான். கோல்கீப்பர் ஸ்டிக்கின் அகலமான கீழ்ப்பகுதி அவள் உயரத்துக்கு அதிகமாக இருந்தால், குனிந்து நிற்கும்போது பிளாக்கர் கை (ஸ்டிக் பிடிக்கும் கை) மேலே தூக்கிக்கொள்ளும், ஸ்டிக்கின் தட்டை முனை பனியில் பதியாது. மார்க்கவசம் பெரிதாகிவிட்டால் முட்டி போட்ட மாத்திரத்தில் அது மேலேறித் தாடையை முட்டும், காலடியில் கிடக்கும் பக்கைக் குனிந்து பார்க்க முடியாது.

ஸ்கேட்டைத் தீட்டுவதில் ஒரு பழைய நம்பிக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோல்கீப்பர் சறுக்கத்தானே வேண்டும், மழுங்கலாக இருந்தால்தான் நல்லது என்று. நின்றபடியே கால்களை வழுக்கித் தடுத்த காலத்துக் கதை அது. இன்றைய கோல்கீப்பர் முட்டி போட்ட நிலையிலிருந்து ஒரு காலை ஊன்றித் தள்ளி மறுபக்கம் போகிறார். விளிம்பு கடிக்கவில்லை என்றால் கால் வழுக்கிக்கொண்டு போகும். அவளுடைய ஸ்கேட்டையும் மற்றவர்களுடையதைப் போலவே தவறாமல் தீட்ட வேண்டும்.

கழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1989 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பஃபலோ சேபர்ஸ் அணிக் கோல்கீப்பர் கிளின்ட் மலார்ச்சுக்கின் கழுத்து ரத்தக்குழாயை ஒரு ஸ்கேட் பிளேடு வெட்டியது. அணியின் மருத்துவ உதவியாளர் ஓடிவந்து விரலால் அழுத்திப் பிடித்ததால் பிழைத்தார். 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அதேபோல் கழுத்தில் வெட்டுப்பட்ட ஆட்டக்காரர் ஆடம் ஜான்சன் பிழைக்கவில்லை. அவர் கோல்கீப்பரும் அல்ல. அதன் பிறகு சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தன் போட்டிகள் எல்லாவற்றிலும் கழுத்துக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. மாஸ்க்கிலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் தகடு பக்கைத் தடுக்கும். பிளேடு அதற்கு அடியில் நுழையும். அதனால் தகடு இருந்தாலும் வெட்டுப்படாத துணியில் தைத்த கழுத்துப் பட்டை தனியாக வேண்டும், இரண்டும் வேண்டும். மாஸ்க் கம்பியில் பூனைக்கண் போல அகலமான இடைவெளி வைத்தவை பார்க்க அழகு. அந்த இடைவெளியில் ஸ்டிக் முனை நுழையும் என்பதால் அவை பிள்ளைகளுக்கானவை அல்ல. பொதுப் பையில் அப்படி ஒன்று கிடப்பதைப் பார்த்தேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

பாதுகாப்புச் சாமான் என்றாலே "பயந்தாங்கொள்ளி" என்ற பேச்சு இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல. 1959 நவம்பர் 1 அன்று முகத்தில் ஷாட் வாங்கித் தையல் போட்டுக்கொண்டு வந்த கோல்கீப்பர் ஜாக் பிளான்ட், மாஸ்க் இல்லாமல் திரும்ப இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். மாஸ்க் என்றால் அவருடைய பயிற்சியாளருக்கே பிடிக்காது. மாற்று ஆள் இல்லாததால் சம்மதித்தார். கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பையில் போடும் பெரிய பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பயிற்சியாளர்தான் நினைவுக்கு வருகிறார்.

அடுத்தது, யாரை வலைக்குள் நிறுத்துகிறோம் என்ற கேள்வி. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஸ்கேட்டிங் சரியாக வராத பிள்ளை, அல்லது கேட்டதற்கு மறுக்கத் தெரியாத பிள்ளை. செக் நாட்டுக் கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக் சிறுவயதில் தேர்வுக்குப் போனபோது அவரிடம் சரியான ஸ்கேட்கூட இல்லை, ஷூவில் திருகி மாட்டும் பிளேடுதான். ஆள் நல்ல உயரம், பெரிய பையன்கள் அணியில் கோல்கீப்பர் இல்லை, நிறுத்திவிட்டார்கள். அவருக்கு அது பலித்தது, 1998 ஒலிம்பிக் தங்கம் வரை போனார். நாம் நிறுத்துகிற எல்லாப் பிள்ளையும் ஹாஷெக் ஆகிவிடாது. உண்மையில் அணியிலேயே நன்றாக ஸ்கேட் செய்யத் தெரிய வேண்டியவர் கோல்கீப்பர்தான். பக்கவாட்டில் நகர்வது, பின்னால் போவது, சட்டென்று நிற்பது, விழுந்து எழுவது எல்லாம் ஒரு சின்ன நீல அரைவட்டத்துக்குள், இத்தனை கனத்தையும் சுமந்துகொண்டு.

அதனால் எட்டு வயது வரை நிரந்தரக் கோல்கீப்பர் வேண்டாம், எல்லாரும் முறை போட்டு நிற்கட்டும். அவசரமாக மாட்டிக் கழற்றக்கூடிய இலேசான பேட் இரண்டு செட் கிளப்பே வாங்கி வைக்கட்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் மிகச் சிறியவர்கள் ரிங்க்கின் (பனித்தளத்தின்) குறுக்கே ஆடுகிறார்கள், சின்ன வலை வைக்கிறார்கள். முழு வலை 183 செ.மீ. அகலம், 122 செ.மீ. உயரம். ஏழு வயதுப் பிள்ளை அதில் முட்டி போட்டால் தலைக்கு மேலே தாராளமாக இடம் கிடக்கும். அங்கே போகிற பக்குக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? எதுவுமே செய்ய முடியாத இடத்தில் தோற்றுத் தோற்று, நமக்கு இது வராது என்று முடிவுகட்டிவிடும்.

ஸ்கேட்டிங் சரியாக வரும் முன்பே, முட்டி போட்டுக் கால்களை விரித்துத் தடுக்கும் பட்டர்ஃபிளையை மட்டும் சொல்லிக்கொடுப்பதும் இதே தவறுதான். டிவியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகளே செய்கிறார்கள், நாமும் கைதட்டுகிறோம். முட்டியைச் சேர்த்துப் பாதங்களை வெளியே விரிக்கும்போது தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் உள்பக்கமாகத் திரும்புகிறது. எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படி விழுந்தால் மூட்டுக்கு நல்லதில்லை. கோல்கீப்பர்களிடம் அதிகம் காணப்படும் இடுப்பு மூட்டு உரசலை மருத்துவர்கள் இந்த அசைவோடு தொடர்புபடுத்துகிறார்கள். என் மகளுக்கு இதுவரை ஒன்றுமில்லை. இருந்தாலும் இடுப்பு வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் "ஸ்ட்ரெட்ச் பண்ணு, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வருடம் முழுக்க விடாமல் விளையாடவும் வைக்காதீர்கள். கோடையில் வேறு ஏதாவது விளையாடட்டும்.

"கோல்கீப்பர் கோச்சுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஃபின்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 55 லட்சம் பேர் உள்ள நாடு. வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை 2006இல் கிப்ருசாஃப், 2014இல் ராஸ்க், 2018இல் ரின்னே என்று மூன்று ஃபின்லாந்துக்காரர்கள் வாங்கினார்கள். உர்போ உலோனென் என்ற முன்னாள் கோல்கீப்பர் ஆடி முடித்த பிறகு கிளப்பிலேயே தங்கி அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அது நாடு முழுக்கப் பரவி, சிறுவயதிலேயே கோல்கீப்பருக்கென்று ஓர் ஆள் இருப்பது அங்கே சாதாரணமாகிவிட்டது. கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகள் (இளைஞர்களுக்கான உயர்நிலைப் போட்டிகள்) இதற்குச் செய்த எதிர்வினைதான் வேடிக்கை. 2013இல், இனி வெளிநாட்டுக் கோல்கீப்பர்களைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்று கதவைச் சாத்தின. 2018இல் அவையே திறந்துவிட்டன.

நாம் ஃபின்லாந்து ஆக வேண்டாம். நம் கிளப்பின் மூத்த அணிகளில் பதினைந்து, பதினாறு வயதுக் கோல்கீப்பர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாரம் ஒருமுறை, பயிற்சியின் முதல் பத்து நிமிடம், ரிங்க்கின் ஒரு மூலையில் சின்னவர்களை நகரவைத்தால் போதும். பக் வேண்டாம், ஷாட் வேண்டாம். வலையின் ஒரு போஸ்டிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளி, நின்று, பார்த்து, திரும்பி வருவது மட்டும். மற்றவர்கள் ரிங்க்கைச் சுற்றி ஓடும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம். பயிற்சியாளர்களிடம் நான் கேட்பது இதைவிடக் குறைவு. கோல் விழுந்த பிறகு அவளிடம் ஒரு கேள்வி: "உனக்கு பக் தெரிஞ்சுதா?" தெரியவில்லை என்றால் பிழை எங்கோ முன்னாலேயே நடந்திருக்கிறது, தெரிந்தும் போனது என்றால் அது வேறு பாடம். கோல்கீப்பிங் தெரியாதவர்கூடக் கேட்கலாம்.

கேலரியில் உட்காரும் பெற்றோர்களுக்கும் இந்தக் கடிதம் வந்து சேரும் என்று நினைக்கிறேன். என்.எச்.எல். கோல்கீப்பர் கிளென் ஹால் 1955 முதல் 1962 வரை ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 502 ஆட்டங்கள் நின்றவர், அதுவும் மாஸ்க் இல்லாமல். ஆட்டத்துக்கு முன் வாந்தி எடுப்பது அவருக்கு வழக்கம். அவருக்கே அப்படி என்றால், சனிக்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லும் ஒன்பது வயதுப் பிள்ளை பொய் சொல்லவில்லை. கோல் விழுந்ததும் உங்கள் வாயிலிருந்து வரும் "ப்ச்" மாஸ்க்குக்குள் இருக்கும் காதுக்குக் கேட்கிறது. என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நான் வந்துவிடுகிறேன். டேப்பும் டென்னிஸ் பந்தும் கொண்டுவருகிறேன். பொதுப் பையை மட்டும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கோல்கீப்பர் பிள்ளைகளின் பெற்றோர் அவர்களுடைய ஸ்கேட்டையும் மறக்காமல் எடுத்துவரட்டும், அது இல்லாமல் பேடுக்கு அளவெடுக்க முடியாது.

இப்படிக்கு,
வலைக்குப் பின்னால் உட்காரும் ஓர் அம்மா